சனீஸ்வரனின் மஞ்சள் முடிச்சு

‘டணார்!’

சாமியறைத் தட்டிலிருந்து குத்துவிளக்கு விழுந்தது. விழுந்ததோடு நிற்காமல் சீமெந்துத் தரையில் உருண்டு, கதவு நிலையில் முட்டி, விறாந்தையில் இருந்தவருக்கும் கேட்கும்படி இன்னொரு தரம் ஒலித்துவிட்டு அடங்கியது.

கனகசிங்கம் அதைக் குனிந்து எடுக்கவில்லை. பிள்ளையார் படத்துக்குப் பின்னால் விட்ட கையை அவர் இன்னும் வெளியே எடுக்கவில்லை. துழாவிய கைக்குத் தூசு கிடைத்தது. காய்ந்த அறுகம்புல் கிடைத்தது. ஒரு பல்லி கிடைத்து, நல்ல வேளையாக ஓடிவிட்டது. கிடைக்கவேண்டியது மட்டும் கிடைக்கவில்லை.

விறாந்தையில் காத்தான்குடி ஜிப்ரி தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தான். அவன் காலடியில் ஒரு நீளப் பெட்டி. கத்தாரில் வேலை பார்த்த காலத்தில் ஆசைப்பட்டு வாங்கிய தொலைநோக்கி அதற்குள் இருந்தது. இப்போது தங்கச்சிக்கு வீடு கட்டுகிறான். சீமெந்து விற்கிற விலையில் நட்சத்திரம் பார்க்க அவனுக்குக் கட்டுபடியாகவில்லை. விலை பேசி முடிந்துவிட்டது. பெட்டியைத் திறந்து, கண்ணாடியைத் துடைத்து, முக்காலியை விரித்துக் காட்டியும் ஆகிவிட்டது. ‘இரிங்க தம்பி, சல்லிய எடுத்திட்டு வாறன்’ என்று உள்ளே வந்த கனகசிங்கம்தான் வெளியே வரக் காணோம்.

நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு கைபேசியை எடுத்தார். மனைவி அன்னப்பூரணி காலையிலேயே சித்தாண்டிக் கோயிலுக்குப் போய்விட்டாள். புரட்டாதி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை, சனீஸ்வரனுக்கு எள்ளெண்ணெய் எரிக்கிற நாள். முதல் தரம் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாம் தரம்தான் எடுத்தாள்.

“ஹலோ… ஹலோ புள்ள… ஓம், நான்தான்… நான்தான் கா, வேற ஆரு உனக்கு இந்த நேரத்துல எடுக்கப் போறது… ஆ… ஆ… கேக்குது, மணிச் சத்தமும் கேக்குது… இல்ல, ஒண்டுமில்ல, சும்மாதான் எடுத்த… ஏன், சும்மா எடுக்கப்படாதா?… கலியாணம் கட்டின நாள்ல இருந்து ஒருநாளும் சும்மா எடுக்கல்லத்தான், சரி, இண்டைக்கு எடுப்பம் எண்டு…”

குரலில் ஒரு சிரிப்பை ஏற்றிக்கொண்டார். அது அவருக்கே நம்பும்படியாக இல்லை.

“லைன்ல நிக்கிறியா?… அவ்வளவு சனமா?… பெற்றோலுக்கு நிண்ட லைனை விடவா?… அப்ப நல்ல சனம்தான்… ஆ, முன்வீட்டு யசோதினியும் பக்கத்துல நிக்காவா… சுகம் கேட்டதாச் சொல்லு… ஓம் ஓம், சாப்பிட்டன்… காகத்துக்கு வெச்சிட்டுத்தான் சாப்பிட்டன்… வந்தது… வந்து திண்டது கா… நான் என்ன, காகத்துக்கிட்டக் கையெழுத்தா வாங்குற?”

காகம் வரவில்லை. வாழையிலையில் வைத்த சோற்றை, அன்னப்பூரணி வளர்க்கிற கோழிகள் வந்து சுத்தமாகக் கொத்திவிட்டுப் போயிருந்தன. அதைச் சொல்ல இது நேரமில்லை.

“இஞ்ச… ஒண்டு கேக்கணும்… நீ காலையில சாமியறை கூட்டினாயா?… இல்ல, துப்புரவா இரிக்கு, அதான்… நல்லா இரிக்கு, நல்லா இரிக்கு… ஓ, படங்களுக்குப் பின்னாலயும் துடைச்சியா… பிள்ளையார் படத்துக்குப் பின்னாலயுமா… அங்க ஒரு… அங்க ஒரு மஞ்சள்…”

அவர் சொல்லி முடிக்க முதலே பதில் வந்துவிட்டது. கனகசிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“ஆ… எடுத்திட்டுப் போயிட்டியா… உன்ட பேக்குக்குள்ள இரிக்கா… ஐயோ… இல்ல கா, ஐயோ எண்டு சொல்லல்ல… சொல்லவேயில்ல, இஞ்ச ஒரு நுளம்பு கடிச்ச… பகல்லயும் கடிக்கும். டெங்கு நுளம்பு பகல்லதான் கடிக்கும்…”

அந்த மஞ்சள் முடிச்சு, கனகசிங்கம் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த ஏற்பாடு. செங்கலடிக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதும் லிகிதர் வேலை. சம்பளம் வீட்டுக்குள் நுழைந்ததும் கறண்ட் பில்லும் அரிசி மூட்டையும் கடைக் கடன் கொப்பியும் அதை வாசலிலேயே மடக்கிவிடும். அலுமாரியில் வைத்தால் ஒரு வாரம் தாங்காது. அரிசி வாளிக்குள் வைத்தால் ஒருநாள் தாங்காது. ஆனால் மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்த காசை மட்டும் மட்டக்களப்புச் சீமையில் எந்தப் பெண்ணும் செலவுக்கு எடுக்கமாட்டாள். அது நேர்த்திக் காசு. தெய்வத்தின் சொத்து. எந்த வங்கியில் இப்படி ஒரு காவல் உண்டு?

எடுக்கமாட்டாள் என்பதையெல்லாம் அவர் யோசித்திருந்தார். கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவாள் என்பதை யோசிக்கவில்லை.

“என்னது?… அழுகிறியா?… என்னத்துக்கு கா அழுகிறாய்?… ஓம்… ஓம்… நான் சொன்னதுதான், சாத்திரியார் சொல்றதெல்லாம் புளுகு எண்டு… சனி எண்டுறது வெறும் காத்துப் பந்து எண்டும் சொன்னதுதான்… ஓம், உன்ட அண்ணனுக்கு முன்னாலயும் சொன்ன… மறுகா மனம் மாறிட்டா எண்டா?… எனக்கா?… ஆ… மாறினதுதான் போல…”

கனகசிங்கத்துக்கு ஏழரைச் சனி. கடைசிக் கூறு நடக்கிறது, போகும்போதும் ஒரு கை பார்க்காமல் போகாது என்று சாத்திரியார் சொல்லியிருந்தார். பரிகாரம் செய்யச் சொல்லி அன்னப்பூரணி கெஞ்சாத நாளில்லை. இவர் கேலி பண்ணாத நாளுமில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒருவருக்கும் சொல்லாமல் சனீஸ்வரனுக்கு நேர்த்தி முடிந்து வைத்திருக்கிறார் என்று அவள் நினைத்துவிட்டாள். நினைத்து உருகியும் விட்டாள்.

“யசோதினிக்கிட்டச் சொல்லிட்டியா!… என்ன சொல்றா?… தங்கமான மனுசன் எண்டா… அவட மனுசனும் என்னப் பாத்துப் பழகணும் எண்டா… அவவுக்குச் சொல்லு, வேணாம் எண்டு… இல்ல, பெருமைக்குச் சொல்லல்ல… சத்தியமாப் பெருமைக்குச் சொல்லல்ல கா… என்னது, எல்லாம் இனி விலகுமா?… ஓவர்டைம் நிப்பாட்டினது சனி இல்ல, அது மனேஜர்… மோட்டச் சைக்கிள் எஞ்சின் போனது ஒயில் மாத்தாம விட்டது… சரி, சரி, அதுவும் சனி… எல்லாம் அவர்தான்…”

சாமியறை வாசலில் நிழல் விழுந்தது. ஜிப்ரி மரியாதையாகத் தள்ளி நின்று, மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினான். கனகசிங்கம் கைபேசியை நெஞ்சில் பொத்திக்கொண்டார்.

“ரெண்டு நிமிசம் தம்பி… ளுஹர் தொழுகைக்கு முன்னம் உங்கள அனுப்பிருவன்… சல்லி வந்துட்டு இரிக்கு…”

சல்லி வந்துகொண்டிருக்கவில்லை. சித்தாண்டியில், உண்டியலை நோக்கி அடி அடியாகப் போய்க்கொண்டிருந்தது.

“ஹலோ… ஆ, ஒண்டுமில்ல, வாசல்ல ஒரு ஆள்… இஞ்ச பார் புள்ள, ஒரு சின்னப் பிழ நடந்திட்டு… அது சனீஸ்வரனுக்கு வெச்ச நேத்தியில்ல… வேற கோயிலுக்கு… வேற கோயில் எண்டா… மாமாங்கம்… ஓம், மாமாங்கப் பிள்ளையாருக்கு… அதால அங்க போட்டிராத, வீட்ட கொண்டு வா… என்ன?… இஞ்ச முடிச்சிட்டு நேர மாமாங்கத்துக்கு பஸ் ஏறுறியா?… வேணாம்! இந்த வெயிலுக்குள்ள… விரதத்தோட… மயங்கிக் கியங்கி விழுந்தா… அதுக்கில்ல… சரி, அது மாமாங்கமில்ல. வாய் தவறிச் சொல்லிட்டன்… நேத்தி வெச்ச கோயிலயே மறக்கிற மனுசன் எங்கயாவது இரிக்கா எண்டு கேக்காத… இரிக்கன்தானே…”

பொய்க்கு மேல் பொய் அடுக்கிப் பழக்கமில்லாத மனிதர். இரண்டாவது பொய்யிலேயே மூச்சு வாங்கியது. மூன்றாவதைக் கொஞ்சம் பொறுமையாகக் கட்டினார்.

“கேளு. உண்மையச் சொல்றன். நேத்தி இன்னும் நிறையல்ல… நான் மனசுக்குள்ள ஒரு கணக்குச் சொல்லி வெச்சனான், அது வரல்ல… குறையோட போட்டாக் குத்தம் தானே?… நீயே சொல்லுவாயே, சாமிக்குக் குறை வெக்கப்படாதெண்டு… என்ன?… நிறைஞ்சிட்டா?… உனக்கெப்படித் தெரியும் நிறைஞ்சிட்டெண்டு?…”

கனகசிங்கம் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டார். ‘ஆ… ஆ…’ என்று மட்டும் சொன்னார். ஒவ்வொரு ‘ஆ’வுக்கும் குரல் ஒரு படி இறங்கியது.

“நீயா?… எப்ப இருந்து?… போன சரஸ்வதி பூசைக்குத் துடைக்கக்குள்ள கண்டியா… மறுகா?… முட்ட வித்த சல்லியா!… கிழமைக்குக் கிழமையா!… முடிச்ச அவிழ்த்து உள்ளுக்கு வெச்சிட்டுத் திரும்பக் கட்டினதா… ஏன் கா எனக்கு ஒரு வார்த்த சொல்லல்ல… ஆ… வெளியில சொன்னாப் பலிக்காதெண்டு…”

அவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார். கிடந்த குத்துவிளக்கை எடுத்து, காரணமில்லாமல் சாரத்தால் துடைத்தார்.

முடிச்சுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று அவர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. எண்ணினால் சேராது என்று ஒரு பயம். சனியைக் காற்றுப் பந்து என்று சொன்ன அதே மனிதருக்குத்தான் அந்தப் பயம். வெற்றிலையை விட்டார், எஞ்சின் போன மோட்டார் சைக்கிளைத் திருத்தாமல் மூலையில் சாத்திவிட்டுத் துருப்பிடித்த சைக்கிளில் சங்கத்துக்குப் போனார், மிஞ்சியதை மடித்து மடித்து முடிச்சுக்குள் செருகினார். ஜிப்ரி விலை சொன்ன அன்றுதான் கதவைச் சாத்திக்கொண்டு முதன்முதலாக எண்ணினார். எழுபத்தையாயிரம் சரியாக இருந்தது. இன்னும் ஒரு வருடமாவது ஆகும் என்று நினைத்தது! சிக்கனம் என்றால் இதுதான் என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார். அந்தத் தட்டு முழுக்கக் கோழிகளுக்குப் போகவேண்டியது.

“என்ன?… இல்ல, இரிக்கன், இரிக்கன்… கேட்டுட்டுத்தான் இரிக்கன்… லைன் நகருதா?… முன்னால எத்தின பேர்?… மூண்டு பேரா!… புள்ள, லைனை விட்டு வெளிய வா… இடம் போனாப் போகட்டும்… யசோதினி பிடிச்சு வெப்பா… வா எண்டா வா கா… ஏன் எண்டு கேக்காத… ஒராள் போயிட்டாவா!… அன்னப்பூரணி! நில்லு! அது நேத்திக் காசில்ல!”

விறாந்தையில் கோப்பை பீரிசுத் தட்டில் இடித்த சத்தம் கேட்டது.

“ஹலோ?… ஹலோ?… இரிக்கியா?… மூச்சு விடுறது கேக்குது, அப்ப இரிக்கிறாய்… ஓம்… ஓம், பொய்தான்… சாமிக்கு முன்னால சொன்ன பொய்தான்… இல்ல கா, கடன் ஒண்டுமில்ல… சீட்டுமில்ல… குடியா? நான் குடிச்சு நீ எப்ப கண்டாய்… என்னது? வேற வீடா?! எனக்கா?!… என்ட வயித்தையும் மண்டையையும் பாத்திட்டு எவ கா வருவா… சரி, சரி… சிரிச்சது காணும்… அவ்வளவு சிரிக்கத் தேவல்ல… யசோதினிக்கு ஏன் சொல்றாய்!”

சிரித்துவிட்டாள் என்றால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. மீதிக் கிணறு இருந்தது.

“ஒரு சாமான் வாங்கச் சேத்த… இல்ல, மோட்டச் சைக்கிளில்ல… போனுமில்ல… தொலைநோக்கி… தொ…லை…நோக்கி… தூரத்துல இரிக்கிறதக் கிட்டக் காட்டும்… பக்கத்து வீட்டையில்ல கா! மேல! வானத்த!… விலையா?… விலை வந்து… நீ முதல்ல தூணப் பிடிச்சுக்கோ… பிடிச்சிட்டியா?… எழுவத்தஞ்சு… ரூவா இல்ல… ஆயிரம்…”

கைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். அப்படியும் நன்றாகக் கேட்டது. விறாந்தையில் ஜிப்ரி, எதுவும் காதில் விழாதவன் போல வெறும் கோப்பைக்குள் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். மீசை மட்டும் துடித்தது.

“ஓம்… ஓம்… குசினிக் கூரை ஓடு ஒழுகுது… ஓம், மாரி மழை வருது… போன மாரிக்கு நீ சட்டி வெச்சு ஏந்தினாய்… ‘சல்லிக்கு எங்க போற’ எண்டு நான்தான் கேட்ட… இல்லெண்டு சொல்லல்ல… என்னது?… குசினி ஓட்டையால ஒம்பது கிரகமும் சும்மாவே தெரியுதா?… அது நல்ல கதைதான்… இல்ல, சிரிக்கல்ல, இருமல்… வெத்திலையா?… டொக்டர் சொல்லல்ல, நானாத்தான் விட்ட… பிறசரா?… இல்ல… ஒரு பிறசரும் இல்ல… ரெண்டு வருசமா உப்புக் குறைச்சுச் சமைச்சாயெண்டு எனக்குத் தெரியும் கா, திண்டது நான்தானே!”

அதற்கும் ஒரு பாட்டம் விழுந்தது. கனகசிங்கம் தலையை ஆட்டி ஆட்டி வாங்கிக்கொண்டார்; தொலைபேசியில் தலையாட்டினால் தெரியாது என்பது அவருக்கு அப்போது நினைவில்லை.

“என்னத்தப் பாக்கவா?… சந்திரனப் பாக்கலாம்… குழி குழியாத் தெரியும், மழை விட்ட நம்மட ஒழுங்கை றோட்டு மாதிரி… வியாழனப் பாக்கலாம், அதுக்குப் பக்கத்துல நாலு சந்திரன், வரிசையா… மறுகா… மறுகா இன்னொண்டு… சொல்லத்தான் வேணுமா?… வீட்ட வந்தாப் பிறகு சொல்றனே… சரி… சனி.”

இந்த முறை கைபேசியைத் தள்ளிப் பிடிக்கவும் அவகாசமில்லை. கோயில் மணியையும் மிஞ்சிக்கொண்டு வந்தது அந்தக் குரல். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

“கத்தாத கா, கோயில்ல நிக்கிறாய்… ஓம், அதே சனிதான்… வேற சனி எங்க இரிக்கு… ஓம், நீ எள்ளெண்ணெய் எரிக்கிற அதே ஆள்தான்… தெரியும்… தெரியும்… நேர நிண்டு பாக்கப்படாது… பக்கத்தால நிண்டு, குனிஞ்சு கும்பிட்டுட்டு வந்திரணும்… பார்வ படப்படாது… எனக்குத் தெரியாதா, ஒவ்வொரு புரட்டாதிக்கும் என்ட தலைய நீதானே பிடிச்சுக் குனிய வெக்கிற…”

அவர் எழுந்து குத்துவிளக்கைத் தட்டில் வைத்தார். பிறகு, கிட்டத்தட்ட ரகசியம் போலச் சொன்னார்.

“நான் ஏற்கனவே பாத்திட்டன் புள்ள.”

சொல்லிவிட்டுக் கைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார்.

“ஓம்… கண்ணால… வந்தாறுமூலைக் கம்பஸில… ஹொஸ்டலுக்கு அரிசி விலை குடுக்கச் சங்கத்துல இருந்து போனனே, அண்டைக்கு… பொழுது பட்டாப் பிறகு பொடியன்மார் ஒரு தொலைநோக்கிய நிறுத்தி வெச்சிட்டு, வாறவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டினாங்க… நானும் லைன்ல நிண்ட… இல்ல, என்ட வயசுல ஆருமில்ல… மறுகா என்ட முறை வந்த… கண்ண வெச்ச… சின்னது கா. கடுகளவு. அதச் சுத்தி ஒரு வளையம். படத்துல கீறின மாதிரி, அப்படியே, தனிய, அந்த இருட்டுக்குள்ள நிக்குது… ஏமாத்துறாங்க எண்டு நினைச்சு நான் குழாய்க்கு முன்னால போய்ப் பாத்தன், படம் கிடம் ஒட்டிரிக்காங்களா எண்டு… சிரிக்காத… ஒண்டும் ஒட்டல்ல… திரும்பப் போய் லைன்ல நிண்ட… மறுகாவும் நிண்ட… கடைசியில அந்தப் பொடியன், ‘அங்கிள், வீட்டுக்குப் போகல்லயா’ எண்டு கேட்டிட்டான்…”

சொல்லும்போது அவருடைய கை தானாக எழுந்து, ஆட்காட்டி விரல் காற்றில் ஒரு சின்ன வட்டம் போட்டது. விறாந்தையிலிருந்து ஜிப்ரி அதைப் பார்த்தான். அவனுக்கும் அந்த வட்டம் தெரியும்.

“சொல்லிரிக்கலாம்தான்… அண்டைக்கே சொல்லத்தான் வந்த… வாசல்ல நீ கறண்ட் பில்லக் கையில வெச்சிட்டு நிண்டாய்… அதுக்குள்ள வந்து, நான் சனியப் பாத்தன், ஒரு வளையம் இரிக்கு, எனக்கு இன்னொருக்காப் பாக்கணும் போல இரிக்கு எண்டு எப்படி கா சொல்ற?… இந்த வயசுல?…”

அந்த நேரம் பார்த்து ஜிப்ரியின் கைபேசி அடித்தது. ஏறாவூரில் இன்னொருவர் இதே பெட்டிக்காகக் காத்திருந்தார்; திரும்பிப் போகிற வழிதான் என்று ஜிப்ரி முதலிலேயே சொல்லியிருந்தான். அவன் எழுந்து, வருத்தத்தோடு ஒரு சலாம் வைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கி முற்றத்துக்குக் கொண்டுபோனான். மோட்டார் சைக்கிளின் பின் சீற்றில் வைத்துக் கயிற்றைச் சுற்றத் தொடங்கினான்.

கனகசிங்கம் அதைப் பார்த்துக்கொண்டே விறாந்தைக்கு வந்தார்.

“புள்ள… கேளு… அதுக்குள்ள உன்ட முட்டச் சல்லி இரிக்கு. நான் வெச்சது பொய்தான், ஆனா நீ வெச்சது நேத்தி. எனக்காக வெச்சது. அத நீ எண்ணி எடுத்துப் போடு… மிச்சத்துல குசினி ஓடு மாத்துவம்… ஜிப்ரி தம்பி வெளிக்கிட்டுட்டார்… போகட்டும்… பாவம், அந்தப் புள்ளைக்கும் தங்கச்சிட வீட்டு வேலை… இல்ல, கோவத்துல சொல்லல்ல… கொஞ்சம் கவலதான், இல்லெண்டு சொல்லல்ல… அது ரெண்டு நாளைல போயிரும்…”

முற்றத்தில் கயிறு ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தது.

“என்ன?… என்ன கேட்ட?… நிறமா?… கறுப்பில்ல கா… ஓம், நானும் கறுப்பெண்டுதான் நினைச்ச… வெளிறின மஞ்சள்… இல்ல, பயமா இல்ல… ஒரு துளி பயமுமில்ல… வடிவு… நல்ல வடிவு புள்ள… நெத்தியில இடுற சந்தனம் இரிக்கே, அது காஞ்சா ஒரு நிறம் வருமே, அது…”

பிறகு அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“உன்ட முறை வந்திட்டா?… சரி, போ… போய்ப் போடு… ஹலோ?… என்ன அது, சில்லறைச் சத்தம்?… நூத்தியொரு ரூவாயா?… கைக்காசா?… மிச்சம்?… முடிச்சு எங்க?… பேக்குக்குள்ளயே இரிக்கா?… ஏன் கா?”

இரண்டாவது சுற்றையும் ஜிப்ரி இறுக்கிவிட்டான். கனகசிங்கம் ஒரு கையைத் தூக்கி, ‘பொறுங்க பொறுங்க’ என்று காற்றில் அமத்தினார்.

“பொறு, பொறு… விளங்கல்ல, ஆறுதலாச் சொல்லு… ஓம்… சனீஸ்வரனுக்கெண்டு முடிஞ்சது… ஓம்… அவரப் பாக்கிறதுக்குத்தான் செலவாகுது… ஓம்… அப்ப அது அவருக்குப் போன மாதிரித்தானா?… குத்தமில்லையா?… ஐயர்க்கிட்டக் கேட்டியா?… யசோதினிக்கிட்டயா கேட்ட!… இல்ல இல்ல, அவ சொன்னாச் சரிதான்… இண்டைக்கு அவ என்ன சொன்னாலும் சரிதான்!”

அவருடைய கால்கள் விறாந்தைப் படியில் ஒன்றிறங்கி, ஒன்றேறி, மறுபடி இறங்கின.

“ஓடா?… நாளைக்கு நானே ஏறி மாத்திறன்… ஓம், விடியக்குள்ளயே… ஓம், விழாம ஏறுறன்… உன்ட முட்டச் சல்லிய மாசா மாசம் திருப்பித்… வேணாமா?… பங்கா?… பாதி உன்டயா?… சரி, பாதி உன்ட… நாளையில இருந்து உப்பா?… போடு கா, அள்ளிப் போடு… யசோதினியும் பாக்க வருவாவா… வரட்டும்… அவட மனுசனுமா… அவரும் வரட்டும், எல்லாரும் வரட்டும்… ஆட்டோவுலயா வாறாய்?… அப்ப சுறுக்கா வா, அவர் கயித்தக் கட்டிட்டார்… ஆட்டோவுக்கு முடிச்சில இருந்து எடுத்திராத!”

ஒரு கணம் காதைக் கூர்மையாக்கிக் கேட்டார். முகம் சுருங்கியது.

“ஆரு முதல்ல பாக்கிறதா?… நான்தானே கா, நான்தானே இவ்வளவு நாளா… சரி… சரி, நீதான்… நாலு சனியும் பட்டினி கிடந்தது நீதான்… ஆனாப் புள்ள, நேர பாக்கப்படாது எண்டு இப்பத்தானே சொன்னாய்… உனக்குப் பயமில்லையா?… என்ன?… என்ன சொன்ன?… ஹலோ?… ஹலோ?…”

ஆட்டோக்காரன் ஹோர்ன் அடித்த சத்தத்தோடு இணைப்பு அறுந்தது.

கனகசிங்கம் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். முதலில் அவருடைய வயிறு குலுங்கியது. பிறகு தோள்கள் குலுங்கின. பிறகுதான் சிரிப்புச் சத்தம் வெளியே வந்தது. ஜிப்ரி, கடைசி முடிச்சைப் போடுவதா விடுவதா என்று தெரியாமல், கயிற்று நுனியைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“அவிழுங்க தம்பி, அவிழுங்க! சல்லி ஆட்டோவுல வருது… ஏழரை வருசமா அவர் எங்களப் பாத்தது போதுமாம், இனி எங்கட முறையாம்!”